முதுகெலும்புல சிமென்ட் வைக்கிறது: வெர்டிப்ரோபிளாஸ்டி, கைஃபோபிளாஸ்டி பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

வயசானவங்களுக்கு முதுகெலும்பு நசுங்கி உடைஞ்சு போச்சு, டாக்டர் ஊசி வழியா சிமென்ட் வைக்கலாம்னு சொல்றாரு, வீட்ல ஒருத்தர் பண்ணிடலாம்னும் இன்னொருத்தர் வேண்டவே வேண்டாம்னும் நிக்கிறாங்க, இந்த மாதிரி சமயத்துல வர்ற கேள்விகளை இங்க ஒண்ணா போட்டிருக்கேன். உங்க டாக்டர் சொல்றதுக்கு இது மாற்று கிடையாது, அவர்கிட்ட போய் உக்காரும்போது என்ன கேக்கணும்னு தெரிஞ்சா போதும்.

கீழயே விழல, அப்புறம் எப்படி எலும்பு உடையும்?

இதுதான் முக்கால்வாசி பேரோட முதல் கேள்வி. பக்கெட்டை தூக்கினேன், பலமா தும்மினேன், கட்டில்ல கொஞ்சம் வேகமா உக்காந்தேன், முதுகுல சுருக்குன்னுச்சு, அதுக்கப்புறம் திரும்பிப் படுக்கவே முடியலன்னுதான் கதை ஆரம்பிக்கும். எலும்போட அடர்த்தி குறைஞ்சு உள்ள இருக்குற வலைப்பின்னல் மெலிஞ்சு போனதுக்கப்புறம் (இதைத்தான் ஆஸ்டியோபோரோசிஸ்னு சொல்றோம்) உடம்போட சொந்த எடையே போதும், எலும்போட முன்பக்கம் அப்படியே அமுங்கி ஆப்பு மாதிரி ஆயிடும். நெஞ்சு முதுகும் இடுப்பு முதுகும் சேர்ற இடத்துல, அதாவது டி12, எல்1 எலும்புலதான் இது அதிகமா வரும், ஏன்னா மேல விலா எலும்போட பிடிமானத்துல விறைப்பா இருக்குற பகுதி அங்கதான் முடியுது, கீழ வளையுற பகுதி அங்கதான் ஆரம்பிக்குது, சுமை எல்லாம் அங்க வந்து விழும்.

மாதவிடாய் நின்ன பெண்கள், பல வருஷமா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறவங்க, ஏற்கனவே ஒரு தடவை எலும்பு உடைஞ்சவங்க, இவங்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி. ஆண்களுக்கு வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

எக்ஸ்ரேல நசுங்கியிருக்குன்னு தெளிவா தெரியுது. அப்ப சிமென்ட் வச்சுடலாமா?

அவசரப்படாதீங்க. எக்ஸ்ரே எலும்போட வடிவத்தை மட்டும்தான் காட்டும், அது போன வாரம் நசுங்கினதா இல்ல அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நசுங்கி ஆறிப்போனதான்னு அதுல உறுதியா சொல்ல முடியாது. இந்த மாதிரி முறிவுல பெரும்பாலானது சத்தமே இல்லாம நடந்து முடிஞ்சுடும், அந்த மனுஷருக்கே தெரியாது, வேற எதுக்கோ எக்ஸ்ரே எடுக்கும்போதுதான் கண்ணுல படும். அந்த மாதிரி ஆறிப்போன எலும்புல சிமென்ட் வச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதனாலதான் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க. அதுல ஸ்டிர்னு ஒரு படம் எடுப்பாங்க, புதுசா உடைஞ்ச எலும்புக்குள்ள நீர் கோத்துக்கிட்டு இருக்கும், அது அந்தப் படத்துல வெள்ளையா பளிச்சுன்னு தெரியும், ஆறினது பக்கத்து எலும்பு மாதிரியே கருப்பா இருக்கும். மூணு எலும்பு நசுங்கியிருந்து அதுல ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு இருந்தா வலி எங்கிருந்து வருதுன்னு அங்கேயே பாதி பதில் கிடைச்சுடும். பேஸ்மேக்கர் மாதிரி ஏதாவது இருந்து எம்ஆர்ஐ எடுக்க முடியலன்னா போன் ஸ்கேன் எடுக்கலாம். ஸ்கேனோட சேர்த்து டாக்டர் கையால நடு முதுகுல ஒவ்வொரு எலும்பா தட்டிப் பாக்கணும், படத்துல பளிச்சுன்னு இருக்குற எலும்பும் தட்டும்போது ஐயோன்னு கத்துற இடமும் ஒண்ணா இருக்கணும். தொடாமலே வெறும் ரிப்போர்ட்டை வச்சு தேதி குடுத்தா இன்னொரு டாக்டரையும் பாருங்க, இது என் கருத்து.

சிமென்ட்னா வீடு கட்டுற சிமென்டா?

இல்லங்க. பிஎம்எம்ஏன்னு ஒரு அக்ரிலிக் பிளாஸ்டிக் வகை அது, இடுப்பு மூட்டு முழங்கால் மூட்டு மாத்தும்போது எலும்புல ஒட்டுறதுக்கு பல பத்து வருஷமா பயன்படுத்துறதுதான். ஒரு பொடி, ஒரு திரவம், ரெண்டையும் கலந்தா சூடாகி சில நிமிஷத்துல இறுகிடும். எக்ஸ்ரேல தெரியணுங்கிறதுக்காக பேரியம் சல்ஃபேட் மாதிரி ஒண்ணை சேர்த்திருப்பாங்க.

முதுகெலும்புக்குள்ள முதன்முதலா இதை ஊசி வழியா செலுத்தினது 1984-ல, பிரான்ஸ்ல அமியேன் நகரத்துல. அது எலும்பு நசுங்கின கேஸ் கூட இல்ல, கழுத்துல ரெண்டாவது எலும்புக்குள்ள ரத்தக்குழாய் கட்டி வளர்ந்து தாங்க முடியாத வலி. கலிபேர், டெராமோன்னு ரெண்டு டாக்டருங்க சிமென்ட் ஏத்தினாங்க, வலி போச்சு. அதுக்கப்புறம்தான் உடைஞ்ச எலும்புலயும் பண்ணிப் பாக்கலாமேன்னு ஆரம்பிச்சது.

வெர்டிப்ரோபிளாஸ்டிக்கும் கைஃபோபிளாஸ்டிக்கும் என்ன வித்தியாசம்?

வெர்டிப்ரோபிளாஸ்டில ஊசியை உள்ள விட்டு நேரா சிமென்டை ஏத்துவாங்க. கைஃபோபிளாஸ்டில முதல்ல ஒரு சின்ன பலூனை உள்ள விட்டு ஊதி, நசுங்கின எலும்பை முடிஞ்ச வரைக்கும் தூக்கி, உள்ள ஒரு குழி உண்டாக்கி, பலூனை எடுத்துட்டு அந்தக் குழில கெட்டியான சிமென்டை நிரப்புவாங்க. குழி இருக்கறதால அழுத்தம் குடுத்து ஏத்த வேண்டியதில்ல, அதனால லீக் ஆகுறது குறைவு. இந்தப் பலூன் முறை 1990-கள் கடைசில அமெரிக்காவுல வந்தது. செலவும் நேரமும் இதுக்கு அதிகம். வலி குறையுறதுன்னு பார்த்தா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லன்னுதான் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லுது. பலூனுக்கு பதிலா ஜாக்கி மாதிரி விரியுற டைட்டானியம் கருவியை உள்ளேயே வச்சுட்டு சுத்தி சிமென்ட் போடுற முறையும் இப்ப இருக்கு.

உள்ள கூட்டிட்டுப் போய் என்னதான் பண்ணுவாங்க?

குப்புறப் படுக்க வைப்பாங்க, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழ தலையணை. இது சின்ன விஷயமாத் தெரியும் ஆனா உடைஞ்ச முதுகோட எண்பது வயசுக்காரர் குப்புறப் படுக்கறதுதான் மொத்தத்துலயும் கஷ்டமான கட்டம். மூச்சுத் திணறல் இருக்குறவங்க இதை முன்னாடியே சொல்லிடணும். சி-ஆர்ம்னு வளைஞ்ச எக்ஸ்ரே மெஷின் ஒண்ணு சுத்தி நிக்கும், முன்பக்கம் இருந்தும் பக்கவாட்டுல இருந்தும் மாத்தி மாத்தி படம் ஓடிக்கிட்டே இருக்கும்.

தோலை மரத்துப்போக வச்சு, எலும்போட மேல் உறை வரைக்கும் அந்த மரப்பு ஊசியை இறக்குவாங்க. அப்புறம் தடிமனான ஊசி. எலும்போட பின்பக்கத்துல பெடிக்கிள்னு ரெண்டு பக்கமும் ஒரு சின்ன தூண் இருக்கு, அதுக்குள்ளயேதான் ஊசி போகணும், கொஞ்சம் உள்பக்கமா விலகினா அங்க தண்டுவடம் இருக்கு. அதனால டாக்டர் சின்ன சுத்தியலால டக் டக்னு ரெண்டு தட்டு, ஒரு படம், மறுபடி ரெண்டு தட்டு, ஒரு படம்னு போவாரு. மயக்கம் குடுக்காம பண்றவங்களுக்கு அந்தத் தட்டு உடம்பெல்லாம் அதிரும், முன்னாடியே சொல்லி வச்சா பயப்பட மாட்டாங்க.

ஊசி உக்காந்ததுக்கப்புறம்தான் சிமென்டை கலப்பாங்க, நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி ரூம் முழுக்க வரும். தண்ணியா இருக்கும்போது ஏத்தினா கண்ட இடத்துக்கும் ஓடிடும், அதனால டூத்பேஸ்ட் பதத்துக்கு வர்ற வரைக்கும் பொறுமையா நிப்பாங்க, வந்ததும் துளித் துளியா படத்தைப் பார்த்துக்கிட்டே ஏத்துவாங்க. எலும்போட பின் சுவரை நெருங்குதுன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே நிறுத்திடுவாங்க. ஒரு எலும்புக்கு சில மில்லிதான் போகும். மிச்சத்துல ஒரு உருண்டையை தட்டுல வச்சிருப்பாங்க, அது இறுகினா உள்ள இருக்குறதும் இறுகியிருக்கும்னு கணக்கு. ஒரு எலும்புக்கு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். தையல் கூட பெரும்பாலும் தேவைப்படாது, பிளாஸ்திரி ஒட்டிடுவாங்க.

முழு மயக்கம் குடுப்பாங்களா?

வெர்டிப்ரோபிளாஸ்டிக்கு பெரும்பாலும் மரப்பு ஊசியும் கொஞ்சம் தூக்க மருந்தும் போதும். கைஃபோபிளாஸ்டிக்கு, இல்ல நிறைய எலும்பு பண்ணணும்னா, முழு மயக்கம் குடுக்கறதும் உண்டு. இதய நிலைமை, நுரையீரல் நிலைமை பார்த்து மயக்க டாக்டர் முடிவு பண்ணுவாரு.

இதெல்லாம் ஏமாத்து வேலை, ஆராய்ச்சிலேயே பொய்னு நிரூபிச்சுட்டாங்கன்னு ஒருத்தர் சொன்னாரே?

அவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு, அதை மறைச்சு பேசக்கூடாது. 2009-ல ஒரே நேரத்துல ரெண்டு ஆய்வு வந்துச்சு, ஒண்ணு ஆஸ்திரேலியாவுல 78 பேரை வச்சு, இன்னொண்ணு பல நாட்டு ஆஸ்பத்திரிகள்ல 131 பேரை வச்சு. பாதிப் பேருக்கு நிஜமா சிமென்ட், மீதிப் பேருக்கு பண்ற மாதிரி நடிப்பு. நடிப்புன்னா சும்மா இல்ல, ரெண்டாவது ஆய்வுல மரப்பு ஊசி போட்டாங்க, முதுகுல அழுத்தினாங்க, அந்த நெடி வரணும்னு சிமென்ட் திரவத்தோட பாட்டிலைக் கூட திறந்து வச்சாங்க. ஒரு மாசம் கழிச்சு கேட்டா ரெண்டு கோஷ்டிக்கும் வலி குறைஞ்சிருந்துச்சு, கிட்டத்தட்ட ஒரே அளவு. அதுக்கப்புறம் உலகம் முழுக்க இதைப் பண்றது குறைஞ்சுது, 2010-ல அமெரிக்க எலும்பு டாக்டர்கள் சங்கம் வெர்டிப்ரோபிளாஸ்டி வேண்டாம்னே சொல்லிடுச்சு.

எதிர்ப்பக்கம் என்ன சொன்னாங்கன்னா, அந்த ஆய்வுகள்ல ஒரு வருஷம் வரைக்கும் பழைய முறிவையும் சேர்த்துட்டீங்க, புதுசா உடைஞ்சு வலில துடிக்கிறவங்களை மட்டும் எடுத்துப் பாருங்கன்னாங்க. நியாயமான கேள்விதான். 2016-ல சிட்னில வேபர்னு ஒரு ஆய்வு அப்படியே பண்ணுச்சு, ஆறு வாரத்துக்குள்ள உடைஞ்சது, வலி பத்துக்கு ஏழோ அதுக்கு மேலயோ இருக்கணும், 120 பேர், இதுலயும் ஒரு பாதிக்கு நடிப்பு. இந்தத் தடவை சிமென்ட் ஜெயிச்சுது. சரி முடிஞ்சுதுன்னு பார்த்தா 2018-ல நெதர்லாந்துல இருந்து வெர்டோஸ் நாலுன்னு ஒரு ஆய்வு வந்துச்சு, 180 பேர், ஒன்பது வாரம் வரைக்குமான முறிவு, வித்தியாசம் இல்லன்னு முடிஞ்சுது. அதே 2018-ல எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழுவும் வழக்கமா பண்ற அளவுக்கு இதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லிடுச்சு.

பிரிட்டன்ல எந்த சிகிச்சை பண்ணலாம்னு வழிகாட்டுற நைஸ் அமைப்பு மட்டும் 2013-லயே நடுவுல ஒரு கோடு போட்டுச்சு: நல்ல வலி மருந்து குடுத்தும் கடுமையான வலி தொடர்ந்தா, முறிவு ஆறலன்னு ஸ்கேன்ல உறுதியானா, வலியும் அதே இடத்துல இருந்தா பண்ணலாம்னு. எனக்கு அந்தக் கோடுதான் சரியாப் படுது. எல்லாருக்கும் பண்றதும் தப்பு, யாருக்குமே கூடாதுங்கறதும் தப்பு.

கைஃபோபிளாஸ்டிக்கு ஃப்ரீங்கிற பேர்ல 300 பேரை வச்சு பண்ணின ஒரு பெரிய ஆய்வு இருக்கு, பண்ணவங்களுக்கு ஒரு மாசத்துல நல்ல முன்னேற்றம். ஆனா அதுல நடிப்பு கோஷ்டி இல்ல, யாருக்கு பண்ணாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். மேல சொன்னதைப் படிச்சப்புறம் அது எவ்வளவு பெரிய ஓட்டைன்னு உங்களுக்கே புரியும்.

அப்ப எவ்வளவு நாள் காத்திருக்கலாம்?

உடைஞ்ச எலும்பு தானா ஆறும், பெரும்பாலானவங்களுக்கு ஆறுல இருந்து பன்னெண்டு வாரத்துல வலி நல்லாவே குறைஞ்சுடும். நெதர்லாந்து, பெல்ஜியத்துல நடந்த வெர்டோஸ் ரெண்டுங்கிற ஆய்வுல சேர்க்கலாம்னு தேர்வு பண்ணின 431 பேர்ல பாதிக்கு மேல, பரிசோதனை நடக்குற அந்த இடைவெளிலேயே வலி குறைஞ்சு போய் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. அதனால வலி வாராவாரம் கொஞ்சமாவது இறங்குதுன்னா பொறுத்திருங்க, அதுதான் நல்லது.

ஆனா காத்திருக்கறதுன்னா படுத்தே கிடக்கறது இல்ல, இதுலதான் வீட்ல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. முதல் சில நாள் படுக்கலாம், அதுக்கு மேல படுத்தா எலும்பு இன்னும் கரையும், தசை போகும், நெஞ்சுல சளி கட்டும், கால்ல ரத்தம் உறையும், படுக்கைப்புண் வரும். வலி மருந்தை நேரத்துக்கு குடுத்து, தேவைன்னா பெல்ட் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா நடக்க வைக்கணும். மருந்து குடுத்தும் கட்டில விட்டு எழவே முடியல, இல்ல மருந்தே ஒத்துக்காம குழம்பிப்போய் உளறுறாங்க, மலச்சிக்கல்ல தவிக்கிறாங்கன்னா அங்க சிமென்ட் பத்தி பேசுறதுல அர்த்தம் இருக்கு. எண்பத்தஞ்சு வயசுக்காரர் ஆறு வாரம் படுக்கையில கிடக்குறதோட ஆபத்தையும் கணக்குல எடுக்கணும்ல.

யாருக்கு பண்ணக்கூடாது?

வலி இல்லாதவங்களுக்கு, வலி தானா குறைஞ்சுக்கிட்டு வர்றவங்களுக்கு, உடம்புலயோ முதுகெலும்புலயோ தொற்று இருக்குறவங்களுக்கு, ரத்தம் உறையுறதுல இருக்குற கோளாறை சரி பண்ண முடியாதவங்களுக்கு கூடாது. உடைஞ்ச துண்டு பின்னாடி தள்ளி நரம்பை அமுக்கிக்கிட்டு இருந்தா சிமென்ட் பதில் இல்ல, அதுக்கு வேற ஆபரேஷன். காலு வலுவிழக்குது, மூத்திரம் போக முடியல இல்ல தெரியாமலே போகுது, உக்கார்ற இடம் மரத்துப்போச்சு, இந்த மூணுல ஒண்ணு இருந்தாலும் ஸ்கேன் தேதிக்கெல்லாம் காத்திருக்காம அன்னைக்கே எமர்ஜென்சிக்குப் போங்க.

சிமென்ட் வெளிய கசிஞ்சுடுமா?

கசியும், அடிக்கடி கசியும். பண்ணதுக்கப்புறம் சிடி எடுத்துப் பார்த்தா நிறைய பேருக்கு எங்கயோ கொஞ்சம் வெளிய வந்திருக்கும், டிஸ்க்குக்குள்ள (ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற மெத்தை), பக்கத்து ரத்தக்குழாய்ல, பெரும்பாலும் அதனால ஒண்ணும் ஆகாது. பயப்பட வேண்டியது ரெண்டு இடம். பின்னாடி தண்டுவடக் குழாய்க்குள்ள போனா காலு செயலிழக்கலாம், ரத்தக்குழாய் வழியா நுரையீரலுக்குப் போனா மூச்சுத் திணறல் வரலாம். ரெண்டும் அபூர்வம், ஆனா உயிர் போன கேஸும் உண்டு, இதை கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி டாக்டர் வாயால சொல்லணும். நல்ல சி-ஆர்மும் நிறைய பண்ணின அனுபவமும் இருக்குற இடத்துல பண்றது இதனாலதான் முக்கியம். எத்தனை பண்ணியிருக்கீங்கன்னு கேக்குறதுல தப்பே இல்ல.

ஒண்ணுல சிமென்ட் வச்சா பக்கத்து எலும்பு உடையும்னு சொல்றாங்களே?

கெட்டியான சிமென்ட் பக்கத்துல மெலிஞ்ச எலும்பு, அதனால உடையும்னு ஒரு வாதம் ரொம்ப நாளா இருக்கு. டிஸ்க்குக்குள்ள கசிஞ்சிருந்தா அந்த வாய்ப்பு கூடலாம். ஆனா சிமென்டே வைக்காதவங்களுக்கும் ஒரு எலும்பு நசுங்கினா அடுத்த ஒரு வருஷத்துக்குள்ள அஞ்சுல ஒருத்தருக்கு இன்னொண்ணு நசுங்குது, வெர்டோஸ் ரெண்டுல சிமென்ட் வச்சவங்களுக்கு புது முறிவு அதிகமா வரவும் இல்ல. அடுத்தது உடையுறதுக்கு முக்கியக் காரணம் மிச்ச எலும்பும் அதே நோய்ல இருக்குறதுதான்.

அப்ப சிமென்ட் வச்சா ஆஸ்டியோபோரோசிஸ் சரியாகாதா?

ஆகாது. மொத்தத்துலயும் இந்தக் கேள்விதான் முக்கியம், ஆனா இதைத்தான் யாரும் கேக்கறதில்ல. சிமென்ட் வச்சாச்சு, வலி போச்சு, சந்தோஷமா வீட்டுக்கு வந்துடுறாங்க, எலும்புக்கு ஒரு மருந்தும் ஆரம்பிக்கல, எட்டு மாசத்துல அடுத்த எலும்போட திரும்பி வர்றாங்க, அப்புறம் சிமென்ட் மேல பழி. நோயாளியோட தப்பு இல்ல இது, சிமென்ட் வைக்கிற டாக்டர் வேற, எலும்பு மருந்து குடுக்குற டாக்டர் வேற, நடுவுல எலும்பு மருந்து விட்டுப் போகுது.

டிஸ்சார்ஜ் ஆகுறதுக்கு முன்னாடியே கேளுங்க. எலும்பு அடர்த்தி பாக்குற டெக்ஸா ஸ்கேன் எப்ப, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, கிட்னி பாத்தாச்சா, எந்த மருந்து. வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை இருக்கு, அதை வெறும் வயித்துல ஒரு டம்ளர் வெறும் தண்ணியோட முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கவே கூடாது, முதுகு வலில உக்கார முடியாதவங்களுக்கு இதுவே சிக்கல். வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப்ல ஏத்துற சோலெட்ரோனிக் ஆசிட் இருக்கு. ரொம்ப மோசமா இருக்குறவங்களுக்கு தினமும் போட்டுக்குற டெரிபாரடைட் ஊசி புது எலும்பையே வளர்க்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடுற டெனோசுமாப் ஊசியும் நல்ல மருந்துதான், ஆனா அதை டாக்டரைக் கேக்காம நிறுத்திட்டா எலும்பு வேகமா கரைஞ்சு ஒரே சமயத்துல ரெண்டு மூணு எலும்பு நசுங்கினவங்க இருக்காங்க. ஊர்ல இல்ல, மறந்துட்டேன்னு தள்ளிப்போடுற மருந்து இல்ல அது.

கேன்சர்னால எலும்பு உடைஞ்சவங்களுக்கு?

மல்டிபிள் மைலோமாவாலயோ (எலும்பு மஜ்ஜையில வர்ற புற்றுநோய்), மார்பகப் புற்றுநோய் மாதிரி ஒண்ணு பரவினதாலயோ முதுகெலும்பு உடைஞ்சவங்களுக்கு இது நல்லாவே உதவுது, கைஃபோபிளாஸ்டிக்கு 134 பேரை வச்சு பண்ணின ஆய்வுல ஒரு மாசத்துல தெளிவான பலன் தெரிஞ்சுது. ரேடியேஷனோட சேர்த்தும் பண்ணலாம். இன்னொரு விஷயம், உடைஞ்சதுக்கு காரணம் சந்தேகமா இருந்தா அதே ஊசி வழியா ஒரு துண்டு எலும்பை எடுத்து பயாப்சிக்கு அனுப்பலாம், அதுக்குன்னு தனியா குத்த வேண்டியதில்ல. எடை குறையுது, ராத்திரில வலி ஜாஸ்தி, ரத்தம் ரொம்ப கம்மின்னா பயாப்சி எடுக்கப்போறீங்களான்னு நீங்களே கேட்டுடுங்க.

கூன் நிமிர்ந்துடுமா?

புதுசா உடைஞ்சதா இருந்தா பலூன் முறையில கொஞ்சம் உயரம் திரும்பக் கிடைக்கலாம். வருஷக்கணக்கா விழுந்த கூன் இதுல நிமிராது, அந்த ஆசையில போகாதீங்க.

ஆஸ்பிரின், ரத்தம் உறையாம இருக்குற மாத்திரை சாப்பிடுறாங்க, என்ன பண்ணணும்?

நீங்களா நிறுத்தக்கூடாது. இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்க, வால்வு மாத்தினவங்க நிறுத்தினா அது தனி ஆபத்து. எந்த மாத்திரை, எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு இதய டாக்டரும் சிமென்ட் வைக்கிற டாக்டரும் பேசி முடிவு பண்ணட்டும்.

பண்ணின அன்னைக்கு என்ன ஆகும், எப்ப நடக்கலாம்?

ஒண்ணு ரெண்டு மணி நேரம் மல்லாக்கப் படுக்க வைப்பாங்க, அப்புறம் எழுந்து நடக்கலாம், நிறைய பேர் அன்னைக்கோ மறுநாளோ வீட்டுக்குப் போயிடுறாங்க. ஊசி போன இடத்துல ரெண்டு மூணு நாள் வலி இருக்கும். உடைஞ்ச வலி சிலருக்கு அன்னைக்கே விட்டுடும், சிலருக்கு சில நாள் ஆகும், சிலருக்கு விடவே விடாது, அது மூணாவது ரகமா இருந்தா வலி அந்த எலும்புல இருந்து வரலையோன்னு மறுபடி பாக்கணும். காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சு வாங்கறது, காலு மரத்துப்போறது வந்தா உடனே கூப்பிடுங்க.

வலி போனதும் பழைய வேகத்துல குனிஞ்சு தூக்க ஆரம்பிக்கறதுதான் பயமா இருக்கு. படுக்கையில இருந்து எழும்போது முதுகை முறுக்காம மொத்த உடம்பையும் ஒருக்களிச்சுத் திருப்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊணி எழச் சொல்லுங்க. முதுகை நேராக்குற பயிற்சியை பிசியோ சொல்லிக் குடுப்பாங்க, முன்னாடி குனிஞ்சு கால் விரலைத் தொடுற பயிற்சி வேண்டாம். ராத்திரி பாத்ரூம் போற வழில லைட் இருக்கட்டும், வழுக்குற மிதியடியை எடுத்துடுங்க.

அப்புறமா எம்ஆர்ஐ எடுக்கலாமா? ஏர்போர்ட்ல மெஷின் கத்துமா?

சிமென்ட் மட்டும்னா அது உலோகம் இல்ல, தாராளமா எம்ஆர்ஐ எடுக்கலாம், ஏர்போர்ட்லயும் கத்தாது. டைட்டானியம் கருவி வச்சிருந்தா அதுக்காகக் குடுத்த கார்டை ஸ்கேன் எடுக்கிறவங்ககிட்ட காட்டிடுங்க. எந்த எலும்புல, எந்தத் தேதில வச்சதுன்னு எழுதியிருக்குற டிஸ்சார்ஜ் பேப்பரையும் பத்திரமா வச்சிருங்க, பின்னாடி எக்ஸ்ரே எடுக்குற புது டாக்டர் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்து இது என்னன்னு கேப்பாரு.